கசடு கொட்டுன நிலம்: சூரியகாந்தி, வெட்டிவேர் போட்டா சரியாகுமா?

குன்றத்தூர்_மாப்ள:

வணக்கம் மக்களே. ரெண்டு வருஷமா இங்க படிக்கிறதோட சரி, இப்பதான் மொத தடவையா எழுதுறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

குன்றத்தூர் தாண்டி மாமனாருக்கு 3 கிரவுண்ட் நிலம் இருக்கு. முன்னாடி நெல்லு, அப்புறம் கத்திரி வெண்டைன்னு ஓடிட்டு இருந்துச்சு. அவருக்கு முட்டி வலி வந்ததும் தெரிஞ்ச ஒருத்தருக்கு குத்தகைக்கு விட்டுட்டார். அந்த ஆள் என்ன பண்ணிருக்கார்னா, உரம் சும்மா வருதேன்னு கழிவுநீர் லாரிய உள்ள விட்டிருக்கார். வெறும் செப்டிக் டேங்க் தண்ணி மட்டும் இல்ல, எங்கயோ எஸ்டிபில (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருந்து வர்ற கருப்பு கசடும் சேத்து, மூணு வருஷம். போன தீபாவளிக்கு முன்னாடி நாங்க போய் சண்ட போட்டுதான் நிறுத்துனோம்.

இப்ப பாத்தா மேல ஒரு சாண் ஆழத்துக்கு கருப்பா பொலபொலன்னு இருக்கு, வெயில்ல காஞ்சா பாளம் பாளமா வெடிக்குது. கிண்டுனா காது குடையுற பட்ஸ் குச்சி, ஷாம்பு பாக்கெட் துண்டு, முடி. இதுல வேடிக்கை என்னன்னா யாரும் வெதைக்காமலே தக்காளிச் செடி காடு மாதிரி மொளச்சு நிக்குது. மாமியார் அதுல ஒரு கூடை பறிச்சு ரசம் வெச்சுட்டாங்க. நான் ரெண்டு டம்ளர் குடிச்சு முடிச்சப்புறம்தான் எங்க பறிச்சதுன்னே சொன்னாங்க.

யூட்யூப்ல ஒரு வீடியோ பாத்தேன், சூரியகாந்தி போட்டா ஒரே சீசன்ல மண்ணுல இருக்கிற விஷத்தை எல்லாம் உறிஞ்சிடும்னு சொல்றாங்க. இன்னொருத்தர் வெட்டிவேர்ங்கிறார், ஆபீஸ்ல ஒருத்தர் கடுகுங்கிறார். எனக்கு வேண்டியது சிம்பிள், ரெண்டு வருஷத்துல அங்க கீரை போட்டு வீட்டுக்கு எடுக்கணும். எந்த செடி போடலாம்? யாராச்சும் பண்ணி பாத்திருக்கீங்களா?


டேரா_போட்டவன்:

எங்க ஊர்லயும் இதே கதைதான், பதிலுக்கு வெயிட்டிங்.


பிப்பெட்_அக்கா:

தம்பி, நான் மண்ணு தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல 11 வருஷமா குப்ப கொட்டுறேன் (நெஜமாவே சில நாள் குப்பதான்), அதனால எந்த செடின்னு கேட்டா மொதல்ல எந்த மெட்டல்னு (காட்மியம், லெட் மாதிரி கன உலோகம்) தான் திருப்பி கேப்பேன். சிங்க்குக்கு ஒரு செடி, ஆர்சனிக்குக்கு ஒரு செடி, எல்லாத்தையும் சேத்து உறிஞ்சுற சர்வரோக நிவாரணி எதுவும் கெடையாது. ஆர்சனிக்க எடுக்கிறது ஒரு வகை பெரணி, 2001ல தான் அத கண்டுபுடிச்சாங்க, அதே பெரணிக்கு காட்மியத்துல பெருசா வேலை இல்ல.

அதுக்கும் முன்னாடி அந்த தக்காளி. தக்காளி வெதை மனுஷன் வயித்துக்குள்ள போயி, டிரெய்னேஜ்ல போயி, எஸ்டிபியயும் தாண்டி உயிரோட வெளிய வந்து மொளைக்கும். அது மொளச்சிருக்குன்னா அந்த கசட யாரும் சூடு பண்ணல, சரியா மக்க வைக்கலன்னு அர்த்தம். அப்ப அதே பாதைல வந்த குடல் புழு முட்டையும் உயிரோட இருக்கலாம். உருண்டைப் புழு முட்டை ரொம்ப கெட்டி ஓடு, மண்ணுல வருஷக்கணக்கா தாங்கும். கொதிச்ச ரசத்துக்கு பயப்பட வேணாம், ஆனா அந்த நெலத்துல வெறுங்கால்ல நடக்காதீங்க, புள்ளைங்கள வெளயாட விடாதீங்க, வந்ததும் நகத்தோட சேத்து சோப்பு போட்டு கழுவுங்க. அமெரிக்காவுல 1993ல ஒரு ரூல் போட்டாங்க, அரைகுறையா சுத்தம் பண்ண கசட போட்ட நெலத்துல மண்ணத் தொடுற காய்க்கு 14 மாசம், முள்ளங்கி கேரட் மாதிரி மண்ணுக்குள்ள வெளையுறதுக்கு 38 மாசம் வரைக்கும் காத்திருக்கணும்னு. உங்களுக்கு வந்தது அரைகுறையா கூட சுத்தம் பண்ணாதது.

கிருமிக்கு இப்டி காலம் மருந்து. மெட்டலுக்கு காலம் மருந்தே இல்ல, அது மக்காது, ஆவியாகாது, போட்ட எடத்துலயே கெடக்கும். வீட்டு செப்டிக் டேங்க் கழிவுல பொதுவா மெட்டல் கம்மி. பட்டறை, பூச்சு போடுற யூனிட், தோல் வேலைன்னு எதோட தண்ணியாச்சும் கலந்து வந்த எஸ்டிபி கசடுனாதான் காட்மியம், குரோமியம், நிக்கல்னு வரிசையா வரும். உங்களுக்கு ரெண்டும் கலந்திருக்கு, டெஸ்ட் பண்ணாம சொல்லவே முடியாது.

சாம்பிள் எடுக்குறப்போ ஒரே எடத்துல எடுக்காதீங்க. கசடு விழுந்த பக்கத்துல ஒரு 12 எடம், V மாதிரி அரையடி குழி வெட்டி, அந்த சரிவுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு இஞ்ச் கனத்துக்கு சீவி எடுங்க. மம்பட்டி பட்ட மண்ண மரக்குச்சியால ஒதுக்கிட்டு எடுங்க, துத்தநாகம் பூசுன வாளில போடாதீங்க, பிளாஸ்டிக் பக்கெட்தான். நல்லா கலந்து நாலா பிரிச்சு எதிரெதிர் ரெண்ட தூக்கி போடுங்க, அரை கிலோ வர்ற வரைக்கும் இதே மாதிரி. கசடு படாத கெணத்தடி ஓரத்துல இருந்து தனியா ஒரு சாம்பிள் கண்டிப்பா எடுங்க, அது இல்லாம எது லாரில வந்துச்சு எது மொதல்லயே மண்ணுல இருந்துச்சுன்னு பிரிச்சு பாக்க முடியாது.

ஒண்ணு முக்கியம், மண்வள அட்டை எடுத்தாச்சுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. அதுல 12 விஷயம் பாப்பாங்க, தழை மணி சாம்பல், கந்தகம், சிங்க், இரும்பு, காப்பர், பிஎச், உப்புன்னு, ஆனா காட்மியமும் கெடையாது லெட்டும் கெடையாது, குரோமியம் நிக்கலும் கெடையாது. அதுல வர்ற சிங்க் கூட செடிக்கு கெடைக்கிற அளவுதான், மொத்த அளவு இல்ல. லேப்ல போய் மொத்த கன உலோகம் வேணும்னு வாய் விட்டு கேளுங்க. அப்டியே கெணத்து தண்ணில நைட்ரேட்டும் பாத்துடுங்க, குடிக்கிற தண்ணில லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டக்கூடாது. கைக்குழந்தை இருக்கிற வீடுனா அது ரொம்ப முக்கியம்.


ஓஎம்ஆர்_பிளாக்_சி:

நான் சூரியகாந்தி போட்டு பாத்தவன், அதனால சொல்றேன் ப்ரோ.

எங்க அபார்ட்மெண்ட் எஸ்டிபிக்கு பின்னாடி முக்கா கிரவுண்ட் காலி எடம், கசடுல இருந்து தண்ணிய பிழியுற ஃபில்டர் பிரஸ்ல இருந்து வர்ற கசட ஏழெட்டு வருஷமா அங்கதான் கொட்டிட்டு இருந்தாங்க, லாரிக்கு காசு மிச்சமாம். புது கமிட்டி வந்ததும் நான்தான் பெரிய மேதாவி மாதிரி எழுந்து நின்னு சூரியகாந்தி போடுவோம்னேன். போட்டோம். ஆறடி உயரம், தட்டு தட்டா பூ, வாட்ஸ்ஆப் குரூப் பூரா செல்ஃபி. செடி அவ்ளோ உயரம் வந்தது மண்ணு சுத்தமாகுதுன்னு இல்ல, நைட்ரஜன் கொள்ள கொள்ளயா கெடக்கு அதான், இது எனக்கு அப்ப தெரியாது. வெயில் காலத்துல ரெண்டாவது தடவை போட்டப்போ இலை ஓரம் எல்லாம் கருகி சுருண்டுச்சு, மெட்டல் தான் வேலைய காட்டுதுன்னு நான் மீட்டிங்ல லெக்சர் வேற குடுத்தேன். லேப்காரர் பாத்துட்டு சார் அது உப்புன்னார். சோப்புத்தண்ணி, உப்புத்தண்ணி எல்லாம் சுத்தி அங்கதான வருது. மழ நல்லா பெஞ்சு அலசினப்புறம் அந்த கருகல் தானா நின்னுடுச்சு.

அதவிட பெரிய கூத்து அறுவடைக்கு அப்புறம். தண்ட எல்லாம் வெட்டி எங்க போட்டோம்னு நினைக்கிறீங்க? அபார்ட்மெண்ட் கம்போஸ்ட் தொட்டில. அந்த கம்போஸ்ட்ட ஆறு மாசம் கழிச்சு மொட்டமாடில கீரை போடுற ஆன்ட்டிங்களுக்கு பாக்கெட் போட்டு குடுத்தோம். அதாவது பின்னாடி கெடந்தத செடி வழியா மேல ஏத்தி அஞ்சாவது மாடிக்கு டோர் டெலிவரி! ஒருத்தர் அத கேள்வியா கேட்டப்போதான் எனக்கு பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. நல்லவேளை டெஸ்ட் பண்ணதுல சிங்க்கும் காப்பரும் தான் ஜாஸ்தி, காட்மியம் சொல்லிக்கிற மாதிரி இல்ல. வீட்டு கழிவு மட்டும்தானே.

செடி உறிஞ்சும்னா உறிஞ்சினது செடிக்குள்ளதான் இருக்கும், இந்த ஒரு வரி அந்த வீடியோல வரவே வராது.


வேலு_கணக்கு:

நான் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், விவசாயம் பாதிதான் தெரியும். ரிப்போர்ட் வந்தா இங்க போடுங்க தம்பி, ஒரு கூட்டல் கழித்தல் போட்டு பாப்போம். எவ்ளோ இருக்கு, ஒரு அறுவடைல எவ்ளோ வெளிய போகுது, இந்த ரெண்டு நம்பர் இல்லாம எல்லாரும் பேசிக்கிட்டே இருக்கோம்.


குன்றத்தூர்_மாப்ள:

லேட்டுக்கு மன்னிக்கவும், ரிப்போர்ட் வர மூணு வாரம் ஆயிடுச்சு. எல்லாம் கிலோவுக்கு மில்லிகிராம்ல.

கசடு பக்கம்: சிங்க் 640, காப்பர் 180, லெட் 90, குரோமியம் 120, நிக்கல் 45, காட்மியம் 2.4. பிஎச் 7.6, கரிமம் 3.1 சதவீதம்.
கெணத்தடி ஓரம்: சிங்க் 70, காப்பர் 30, லெட் 18, காட்மியம் 0.3ன்னு போட்டிருக்கு.

லேப்ல இருந்த பையன் கரிமம் 3.1ன்னு பாத்துட்டு சார் சூப்பர் மண்ணுன்னு சொன்னான். அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. ஆபீஸ் நண்பர் இப்ப புதுசா ஒண்ணு சொல்றார், கடுகு போட்டு கூட ஈடிடிஏன்னு ஒரு கெமிக்கல் ஊத்துனா மெட்டல் எல்லாம் கரைஞ்சு வேகமா செடிக்குள்ள ஏறிடுமாம். ஊத்தலாமா?


பிப்பெட்_அக்கா:

ஊத்தாதீங்க!!

ஈடிடிஏ வேலை செய்யும்ங்கிறது பொய் இல்ல, லெட்ட கரைச்சு கடுகுக்குள்ள ஏத்தும்னு சோதனைல பாத்ததுதான். ஆனா கரைஞ்சதுல கொஞ்சம் செடிக்கு போகும், மீதி அடுத்த மழைல கீழ எறங்கும். குன்றத்தூர் பக்கம் வீட்டுக்கு வீடு போர் இருக்கு. மண்ணுல செவனேன்னு ஒட்டிக்கிட்டு கெடக்குறத கரைச்சு பக்கத்து வீட்டுக்காரர் மோட்டருக்கு அனுப்புற வேல அது.

ரிப்போர்ட் பாத்தேன். ஐரோப்பால 1986ல கசடு போடுற வெவசாய நெலத்துக்கு ஒரு வரம்பு வெச்சாங்க, மண்ணுல காட்மியம் 1ல இருந்து 3, சிங்க் 150ல இருந்து 300, காப்பர் 50ல இருந்து 140, லெட் 50ல இருந்து 300, நிக்கல் 30ல இருந்து 75. உங்களுக்கு சிங்க் டபுளுக்கும் மேல, காப்பரும் தாண்டிருக்கு, காட்மியம் வரம்புக்குள்ளயே மேல் பக்கம், லெட் நிக்கல் உள்ளதான். நெலம் செத்து போகல, ஆனா கீரை போடுற நெலமும் இல்ல. குரோமியத்துக்கு பெருசா பயப்பட வேணாம், கசடுல இருக்கிறது பெரும்பாலும் நகராத வகை, ராணிப்பேட்டைல குரோமியம் ஃபேக்டரி கழிவுல இருந்து கசிஞ்சு தண்ணிய மஞ்சளாக்குன அந்த வகை இல்ல.

உங்களுக்கு ஒரே ஒரு அதிர்ஷ்டம் அந்த பிஎச் 7.6, அதாவது மண்ணுல புளிப்பு இல்ல. மண்ணு புளிப்பா இருந்தாதான் காட்மியமும் சிங்க்கும் செடிக்கு ஈஸியா ஏறும். தயவு செஞ்சு கந்தகம், அம்மோனியம் சல்ஃபேட்னு எதையாச்சும் போட்டு அத கொறச்சிடாதீங்க. வேப்பம்புண்ணாக்கு, சாணி எதுவும் கூடுதலா வேணாம், ஏற்கனவே வயிறு முட்ட தின்னுருக்கு அந்த மண்ணு.


வேலு_கணக்கு:

வந்துட்டேன். ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். மேல் 15 சென்டிமீட்டர் மட்டும் எடுத்தா 33 கன மீட்டருக்கு கொஞ்சம் மேல, கன மீட்டர் 1.3 டன்னுன்னு வெச்சா சுமார் 43 டன் மண்ணு. இது ஒரு கிரவுண்டுக்கு, உங்களுக்கு மூணு.

காட்மியம் 2.4ஐ 1க்கு கொண்டு வரணும்னா கிலோவுக்கு 1.4 மில்லிகிராம் எடுக்கணும், 43 டன்னுக்கு 60 கிராம். கேக்க கம்மியா இருக்கா? இப்ப செடி பக்கம் வாங்க. சூரியகாந்தி பிரமாதமா வந்து ஹெக்டேருக்கு 10 டன் காஞ்ச தழை குடுக்குதுன்னு வெச்சா ஒரு கிரவுண்டுக்கு 223 கிலோ. தழைல கிலோவுக்கு 10 மில்லிகிராம் காட்மியம் ஏறுதுன்னு தாராளமாவே போடுறேன், ஒரு அறுவடைக்கு 2.2 கிராம் வெளிய போகும். 60ஐ 2.2ஆல வகுங்க, 27 அறுவடை. வருஷம் ரெண்டு போட்டா 13, 14 வருஷம். அதுவும் மொத அறுவடைல வந்த அதே அளவு கடைசி வரைக்கும் வரும்னு நம்புனா. மண்ணுல கொறைய கொறைய செடில ஏறுறதும் கொறையும்ல.

சிங்க் கதைய கேக்காதீங்க. 640ஐ 300க்கு எறக்க ஒரு கிரவுண்டுக்கு 14 கிலோவுக்கு மேல எடுக்கணும். செடில கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஏறுனாலும் அறுவடைக்கு 45 கிராம் தான், முன்னூத்தி சொச்சம் அறுவடை. பேரனுக்கு பேரன் வந்து வெட்டணும்.

தம்பி ஒரே சீசன்னு எவன் சொன்னானோ அவன் பெருக்கல் வாய்ப்பாடு படிக்கல.


ஓஎம்ஆர்_பிளாக்_சி:

சார் தெய்வமே. இந்த கணக்க எங்க கமிட்டி மீட்டிங்ல போட்டிருந்தீங்கன்னா எனக்கு மானமாச்சும் மிஞ்சிருக்கும்.


அரும்பு_நர்சரி:

தாம்பரம் பக்கம் சின்னதா நர்சரி வெச்சிருக்கேன், வெட்டிவேர் நாத்து விக்கிறேன், அதனால நான் வெட்டிவேர் போடாதீங்கன்னு சொல்ல மாட்டேன் ஆனா எதுக்கு போடுறீங்கன்னு தெரிஞ்சுட்டு போடுங்க.

சூரியகாந்தி விஷத்த உறிஞ்சும்ங்கிற பேரு எப்டி வந்துச்சுன்னா, அணு உலை வெடிச்ச செர்னோபில் பக்கம் ஒரு குட்டைல மெதவை மேல சூரியகாந்தி வளத்து வேர தண்ணிக்குள்ள தொங்க விட்டாங்க, 90கள்ல. தண்ணில கரைஞ்சிருந்த கதிர்வீச்சு சீசியம், ஸ்ட்ரான்ஷியத்த அந்த வேர் புடிச்சுது. அங்க இருந்தது தண்ணி, உங்க கிட்ட இருக்கிறது களிமண்ணும் கசடும். மண்ணுல இருக்கிற மெட்டல் அப்டி வந்து வேர் வாயில விழாது. காட்மியத்தயும் சிங்க்கயும் நெஜமாவே அள்ளிக் குடிக்கிற செடி ஐரோப்பால ஒண்ணு இருக்கு, கணுக்கால் உயரம்தான் வரும், குளிர் ஊர் செடி, நம்ம சித்திர வெயிலுக்கு ஒரு வாரம் தாங்காது.

நம்ம ஊர்ல காட்மியம் நல்லா ஏத்துற செடி எதுன்னு கேட்டா சிரிப்பீங்க, கீரைதான். தண்டுக்கீரை, முளைக்கீரை குடும்பம், பாலக், தண்ணில வர்ற வள்ளக்கீரை இதெல்லாம் இலைல சேக்குறதுல கெட்டிக்காரங்க. நீங்க ரெண்டு வருஷத்துல போட ஆசப்படுறது அதத்தான். அதே மண்ணுல மா, தென்னை, கொய்யா மாதிரி பழத்துக்கு ரொம்ப கம்மியாதான் போய் சேரும், இலைல தங்குற அளவு காய்ல தங்காது. லெட் வேற மாதிரி, செடிக்குள்ள ஏறுறத விட கீரை மேல ஒட்டுற மண்ணு வழியா வாய்க்கு போறதுதான் அதிகம்.

இப்ப வெட்டிவேர். வேர் பத்தடி வரைக்கும் கூட எறங்கும், உப்பு தாங்கும், மெட்டல் தாங்கும், வேலி மாதிரி நெருக்கமா போட்டா மழைல மண்ணு கரைஞ்சு பக்கத்து நெலத்துக்கோ ஏரிக்கோ போகாது. மெட்டல பெரும்பாலும் வேர்லயே வெச்சுக்கும், மேல தழைக்கு கம்மியாதான் அனுப்பும். அதனால தோண்டி எடுக்காம அங்கயே விட்டாதான் அதோட வேலை. ஆனா நம்ம ஊர்ல வெட்டிவேர்னா என்ன பண்ணுவோம்? தோண்டுவோம், காய வெப்போம், நாட்டு மருந்து கடைக்கு போடுவோம், அத வாங்கி சனங்க வெயில் காலத்துல மண்பானை தண்ணில போட்டு குடிப்பாங்க. போன வருஷம் ஒருத்தர் இதே மாதிரி குப்ப மேட்டு ஓரத்துல போட்ட வெட்டிவேர என்கிட்டயே விக்க வந்தார், வாசனை ஜம்முனு இருந்துச்சு, வேணாம்னுட்டேன். சண்டைக்கு வந்துட்டார் மனுஷன்.

உங்க எடத்துல நான்னா வரப்பு ஓரம் சுத்தி ரெண்டு வரிசை வெட்டிவேர், நடுவுல மல்லி, சம்பங்கி, அரளின்னு சாப்பிடாத பூ, ஒரு பக்கம் மூங்கில், தேக்கு, ஆமணக்கு. ஆமணக்கு எண்ணெய்ல மெட்டல் அவ்ளவா வராது, புண்ணாக்குல தங்கும், அத மாட்டுக்கோ வயலுக்கோ போடாதீங்க. வெறும் மண்ணு தெரியாத மாதிரி புல்லு மூடி இருக்கணும், மே மாசத்துல அந்த புழுதி வீட்டுக்குள்ள வரக்கூடாது. வெட்டுற தழைய எரிக்காதீங்க, காட்மியம் புகையோட போகும், மிச்சம் சாம்பல்ல சேரும். அங்கயே ஒரு மூலைல போட்டு வைங்க. கீரைக்கு கெணத்தடி ஓரத்துல பாத்தி கட்டி மேட்டுப் பாத்தியா போடுங்க, வெளிய இருந்து நல்ல மண்ணு ஒன்றரை அடி உயரத்துக்கு.


வேலு_கணக்கு:

நர்சரிக்காரர் சொல்றத நான் கொஞ்சம் எதுக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. மண்ணுலயே விட்டு வேலி போடுறதுன்னா பிரச்சனைய பேரனுக்கு எழுதி வெக்கிற மாதிரி ஆச்சே? கசடுல இருக்கிற கரிமம் இன்னைக்கு மெட்டல இறுக்கி புடிச்சிருக்கு சரி, அந்த கரிமம் மக்கி தீந்தப்புறம்?


அரும்பு_நர்சரி:

நல்ல கேள்வி சார், அத ஆராய்ச்சிக்காரங்களே பல வருஷமா சண்ட போட்டுட்டு இருக்காங்க. இங்கிலாந்துல வோபர்ன்னு ஒரு எடம், 1942ல இருந்து 1961 வரைக்கும் ஒரு வயலுக்கு கசடு போட்டாங்க, அப்புறம் நிறுத்திட்டாங்க. 20 வருஷம் கழிச்சு போய் பாத்தா மெட்டல் பெரும்பாலும் மேல் மண்ணுலயே கெடக்கு. செடி பச்சப் பசேல்னு தான் இருந்துச்சு, ஆனா குளோவர்னு ஒரு பயறு வகை தீவனச் செடி, அதோட வேர் முடிச்சு காத்துல இருந்து நைட்ரஜன் புடிக்கிறதயே நிறுத்திடுச்சு. முடிச்சு இருக்கு, உள்ள வேல நடக்கல. மேல பாத்தா ஒண்ணுமே தெரியாது.

அதனால மாப்ள சார் நீங்க வீட்லயே பண்ணக்கூடிய ஒண்ணு சொல்றேன். கசடு பக்கம் ஒரு பாத்தி, கெணத்தடி ஓரம் ஒரு பாத்தி, ரெண்டுலயும் தட்டைப்பயறு இல்ல சணப்பு வெதைங்க. 40, 45 நாள்ல மெதுவா ஈரத்தோட தோண்டி எடுங்க, இழுக்காதீங்க, முடிச்சு அறுந்துடும். வேர் முடிச்ச நகத்தால ரெண்டா கிள்ளி பாருங்க. உள்ள ரோஸ் கலர்ல, புதுசா அறுத்த கறி மாதிரி இருந்தா வேல நடக்குது. வெள்ளையா பச்சையா இருந்தா இல்ல. நைட்ரஜன் ஜாஸ்தி இருந்தாலும் முடிச்சு கம்மியாதான் வரும், அதனால இந்த வருஷம் மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, வருஷா வருஷம் பாருங்க. லேப் ரிப்போர்ட் ஒரு பக்கம், மண்ணு உங்ககிட்ட பேசுறது இப்டித்தான்.


பழைய_வடசென்னை:

நடுவுல நான் ஒண்ணு. எங்க தாத்தா காலத்துல கொடுங்கையூர் பக்கம் சாக்கடை தண்ணி பாய்ச்சி புல்லு வளத்தாங்க, மாட்டுக்கு. தண்ணிப்புல்லு ஆள் உயரத்துக்கு நிக்கும்னு சொல்வார். அப்ப அது வீட்டு கழிவு மட்டும்தான், இப்ப மாதிரி ஆயிரம் பட்டறை கழிவு கலக்கல, அதனால பழைய ஆளுங்க “நாங்க போடலியா”ன்னு கேக்குறத இந்த கசடோட ஒப்பிடக்கூடாது. பாரிஸ் பக்கத்துல பியர்லேன்னு ஒரு சமவெளி, அங்கயும் இதே மாதிரி ஊர் சாக்கடைய நூறு வருஷம் பாய்ச்சி காய்கறி போட்டாங்க, கடைசில மெட்டல் சேந்து போச்சுன்னு காய்கறிய தடை பண்ணிட்டாங்க. இப்ப அங்க ஆயிரம் ஹெக்டேருக்கு மேல காடு வளக்குறாங்க. உறிஞ்சி எடுக்குறது ஆகாதுன்னு தெரிஞ்சு மரத்தால மூடிட்டாங்க அவ்ளோதான்.


பிப்பெட்_அக்கா:

வேலு சார் கவலை நியாயம்தான், ஆனா மூணு கிரவுண்ட் மண்ண வழிச்சு எடுக்கணும்னா 130 டன், பத்து லாரிக்கு மேல, அத எங்க கொட்டுவீங்க? இன்னொருத்தர் நெலத்துலதான். மாப்ள, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா அதே எடத்துல சாம்பிள் எடுத்து பிஎச்சும் காட்மியமும் பாருங்க. பிஎச் 6.5க்கு கீழ எறங்குனா அப்ப சுண்ணாம்பு போடணும், இப்ப வேணாம். நெலத்த விக்கிறதா இருந்தா இந்த ரிப்போர்ட்ட மறைக்காதீங்க, அது என் சொந்த கோரிக்கை. தண்ணி ரிப்போர்ட் என்னாச்சு? அத போடவே இல்லயே.


குன்றத்தூர்_மாப்ள:

கெணத்துல நைட்ரேட் 71 அக்கா. குடிக்க கேன் தண்ணிதான், சமைக்க மட்டும் கெணத்து தண்ணி எடுத்துட்டு இருந்தோம், அதயும் நிறுத்தியாச்சு. கொதிக்க வெச்சா போகாதான்னு மாமியார் கேட்டாங்க, இன்னும் கெட்டியாகும்னு சொல்லி புரிய வைக்க அரை நாள் ஆச்சு.

கீரை கெணத்தடி ஓரம் மேட்டுப் பாத்தில, மண்ணு மதுராந்தகம் பக்கத்துல இருந்து சொல்லியிருக்கேன், இந்த தடவை எங்க தோண்டுனதுன்னு நேர்ல போய் பாத்துட்டுதான். வரப்புக்கு 400 நாத்து நர்சரி அண்ணன் கிட்டயே எடுத்துக்கிறேன், வெலய மெசேஜ்ல சொல்லுங்க. நடுவுல சம்பங்கி, மாமனார் மல்லி பறிக்க ஆள் கெடைக்காதுங்கிறார்.

சணப்பு போட்டு நேத்தோட 43 நாள். கெணத்தடி பாத்தில பத்து செடி எடுத்தேன், எல்லாத்துலயும் முடிச்சு, கிள்ளுனா ரோஸ். கசடு பக்கம் பத்துல ஏழு செடில முடிச்சே இல்ல, மூணுல இருக்கு, அதுலயும் ஒண்ணுதான் ரோஸ். செடி உயரம் மட்டும் கசடு பக்கம் ஒரு முழம் ஜாஸ்தி. குத்தகைக்காரர் வேலி வழியா எட்டி பாத்துட்டு “பாத்தீங்களா சார் எப்டி வளருதுன்னு, நீங்கதான் லாரிய நிறுத்திட்டீங்க”ன்னார்.


அரும்பு_நர்சரி:

அந்த ரோஸ் முடிச்சு ஒண்ணு இருக்குல்ல, அத எடுத்த எடத்த குறிச்சு வைங்க, அடுத்த வருஷமும் அங்க பாருங்க. நாத்து வேன்ல ஞாயித்துக்கிழமை அனுப்புறேன், கேட்ட பூட்டியே வைங்க, பழைய லாரிக்காரன் பழக்க தோஷத்துல வந்துடப் போறான்.